மார்லின் டீகை எங்கே நிறுத்துவது?

எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் எடுத்த அன்று மார்லின் டீக் மைதானத்துக்குள் வந்ததைப் பார்த்து, குளியலறைக் குழாயைச் சரிபார்க்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை. எங்கள் ஊர் கார்வர்ஸ்பர்க்கில் வீட்டுத் தரைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் குழாய் மாற்ற வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தடி நாலங்குலம். மற்ற பிளம்பர்கள் தோள் சிக்கித் திணறுகிற இடத்தில் அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போய், வேலையை முடித்து, விசிலடித்துக்கொண்டு வெளியே வருவான்.

அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. பள்ளியில் மூன்று வருஷம் கேட்டும் அணியில் சேர்க்கவில்லையாம். இப்போது மட்டும் என்ன திடீரென்று என்று கேட்டேன்.

"வேலைக்குப் போற வழியில தினமும் இந்த மைதானத்தைத் தாண்டித்தான் போறேன். வேடிக்கை பார்த்தே அலுத்துப்போச்சு" என்றான்.

எங்கள் அணியின் பேர் மியூல்ஸ். கோவேறு கழுதை படம் போட்ட பனியன். எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. சனிக்கிழமைகளில் மட்டும் ஆடுவோம். நான் ஸ்டேன், மரக்கடையில் பலகை ஏற்றுபவன், நூற்று நாற்பது கிலோ. ஆட்டத்தில் என் வேலை முன்வரிசையில் நின்று எதிராளியைத் தள்ளுவது, அவ்வளவுதான். டயர் கடை வைத்திருக்கும் ரே டொம்ப்ராவ்ஸ்கி எங்கள் கோச். அவருக்கு ஆட்டத் திட்டம் போட்டுக் கொடுப்பவர் க்வென் ராட்கி, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துபவர். எங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்து ஃபெயில் ஆனவர்கள். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

மார்லின் ரிசீவர் ஆக வேண்டுமென்றான். அதாவது, முன்னால் ஓடிப்போய், பின்னாலிருந்து எறியப்படும் பந்தைக் கையில் பிடிக்கிறவன். ஓட்டத்தில் எல்லோரையும் முந்தினான். கோச் எடுத்துக்கொண்டார். இருப்பதிலேயே சின்ன பனியன் அவனுக்கு முட்டி வரை தொங்கியது.

முதல் ஆட்டத்தில், ரிசீவர்களை வழக்கமாக நிறுத்துவதுபோல அவனை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். எதிரே நின்றவன் ஆறடி மூன்றங்குலம். எங்கள் பந்து எறிபவன் கர்ட் லெம்கே தபால்காரன், குறி தப்பாது. ஆனால் அவன் எறிந்த பந்தை அந்த நெட்டையன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஜாடியை எடுப்பதுபோல மார்லினின் தலைக்கு மேலே எடுத்துக்கொண்டான். இரண்டு தரம். மூன்றாவது தரம் மார்லினையே தூக்கித் ஓரத்தில் தண்ணீர் வைத்திருந்த மேசைமேல் போட்டான். தோற்றோம்.

ஆட்டம் முடிந்து பார்த்தால் மார்லின் தன் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி என் பக்கம் சாய்ந்தது. அதற்கும் அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்வார்களா என்று மட்டும் கேட்டான். வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி கோச் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நானோ, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்து நின்றதும் கோச் என்னை முறைத்தார். காப்பாற்றியது டீச்சர்தான். பயிற்சியில் மார்லினை முதல் நாலு அடிக்குள் யாராலாவது தொட முடிந்திருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒருவராலும் முடிந்ததில்லை.

"அப்புறம் ஏன் ரே, அவனைக் கொண்டுபோய் ஓரத்துல நிறுத்துற? அங்க உயரம் வேணும். நடுவுல, ஸ்டேனுக்குப் பின்னாடி நிறுத்து. அவன் அங்க இருக்கிறதே ஒருத்தனுக்கும் தெரியாது."

"கர்ட்டுக்கும் தெரியாதே டீச்சர்" என்றார் கோச்.

அதுதான் பெரிய சிக்கல். என் முதுகுக்குப் பின்னால் போனால் மார்லின் மறைந்துவிடுவான். கர்ட் யாரைப் பார்த்து எறிவது? ஆளைப் பார்க்க வேண்டாம், இடத்தைப் பார்த்து எறி என்றார் டீச்சர். மனத்துக்குள் இரண்டு எண்ண வேண்டும். என் இடது இடுப்புக்கு ஒரு கை தள்ளிப் பந்தை விட வேண்டும். மார்லின் அங்கே வந்திருப்பான். மூன்று வாரம் அதையே செய்தோம். முதல் வாரம் பந்து முழுக்க என் முதுகில்தான் விழுந்தது. நான் மல்லாந்து படுக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். மூன்றாவது வாரம் பந்து சரியாகப் போய் மார்லின் கையில் உட்கார்ந்தது. ஆட்டத்தில் எதிராளிகள் அவனைத் தேட ஆரம்பிக்கும்போதே அவன் பத்து கஜம் தாண்டியிருந்தான்.

அதன்பிறகு கோச்சுக்கு ஆசை கூடிவிட்டது. கர்ட்டின் பக்கத்தில் நிறுத்திப் பந்தைக் கையிலேயே கொடுத்து ஓடவிட்டார். எதிரணி உதைத்து அனுப்பும் பந்தை வாங்கி ஓடவும் அவனையே வைத்தார். ஆகஸ்டில் எங்கள் ஜில்லா முழுக்க அவன் பேர் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அடி விழ ஆரம்பித்தது. விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு அடியில் தவழ்ந்தான்.

கடைசி ஆட்டம் ஹாலோவெல் அணியோடு. நாற்பது விநாடி மிச்சம், நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி தரும் கடைசிக் கோட்டுக்கு இன்னும் மூன்று கஜம். கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எங்களை ஓரத்துக்கு அழைத்தார். வழக்கம்போல என் இடுப்புப் பக்கம், மார்லினுக்கு என்றார்.

மார்லின் விலாவைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். "வேணாம் கோச். மூணு பேரு என் மேலயே கண்ணா இருக்கானுங்க. நான் எங்க போனாலும் வருவானுங்க. நான் போறேன், வரட்டும். பந்தை வேற யாருக்காவது குடுங்க."

"யாருக்கு?"

"ஸ்டேனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "பந்து பிடிப்பியாப்பா?"

"பதினோரு வருஷமா எனக்கு யாரும் எறிஞ்சதில்ல டீச்சர்."

முன்வரிசைக்காரன் பந்து பிடிப்பதானால் நடுவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் எண்ணை உரக்க அறிவித்தார். ஹாலோவெல்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்லின் இடப்பக்கம் பாய்ந்தான். இரண்டு கையையும் ஆட்டி, கர்ட், கர்ட் என்று கத்தினான். அவன் பின்னால் மூன்று பேர் இல்லை, நாலு பேர் ஓடினார்கள். வலப்பக்கம் நான் தனியாக நின்றேன். பந்து வயிற்றில் வந்து மோதியது. குழந்தையை அணைப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தேன்.

மார்லின் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நாலு பேருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவனுக்குக் கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது. எழுந்து ஓடிவந்து என் முதுகில் ஏறிக்கொண்டான். அடிபட்ட விலாவோடு அப்படிச் சிரித்தால் வலிக்காதா என்று கேட்டேன். வலிக்குது, இறக்கிவிடாத என்றான்.

அடுத்த வசந்தத்தில் ஆள் எடுக்கும் நாளன்று ஐந்தரை அடிக்குக் குறைவானவர்கள் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் ஊர் முடிதிருத்துபவர், வயது நாற்பத்தொன்று, ஓடவே வராது. மார்லின் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, இவரை எங்கே நிறுத்தலாம் என்று டீச்சரிடம் கேட்கப் போனான்.