ஒரே ஒரு அழைப்பு

"இதுக்கு ஆதாரம் எங்க?" என்று தலை நிமிராமலே கேட்கிறார் ஆதாரம் அக்கா. கேள்வி எனக்கில்லை, கையிலிருக்கும் தாளுக்கு. மருத்துவமனை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக ஓடியாடிவிட்டு இப்போது இரண்டாம் மாடியில் ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா என்று உட்கார்ந்திருக்கிறார். நோயாளி இறந்த பிறகு வீட்டாரிடம் என்ன பேசுவது, எப்போது விசாரிப்பது என்று சொல்லும் வழிகாட்டிகள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஏழுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. அவற்றுக்கு ஒப்புதல் தரும் குழுவின் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

அவர் ஏழு போட்டு நான் பார்த்ததில்லை. மதிப்பெண்ணில் கஞ்சப் பிரபு. "ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்களா, நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டே முடிவு பண்ணாங்களா?" என்பார். மதிப்பெண் தாளில் 'பறிகொடுத்தவர்களைக் கேட்டீர்களா' என்ற கட்டத்தில்தான் பாதி வழிகாட்டிகள் மண்ணைக் கவ்வும். சந்தேகமான வரியை, யாரோ எதிரே அழுதுகொண்டிருப்பதுபோல் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். "இப்படிச் சொன்னா செருப்பக் கழட்டுவாங்க" என்று கோடு இழுப்பார்.

எங்கள் மருத்துவமனை வழிகாட்டியில் மட்டும் ஒரு வரியை அவர் தொட்டதேயில்லை. 'ஆறாவது வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்கவும். எடுக்காவிட்டால் மறுபடி அழைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.' எழுதியவரே அவர்தான். மகள் இறந்தபோது, போன் அடித்தாலே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டவர். "அடிக்காம விட்டாலே போதும்னு இருந்துச்சு" என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். பறிகொடுத்தவர்களைக் கேட்டீர்களா என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதியிருந்தார். இதற்கு ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

போன வாரம் ஒரு பெண்மணி படியேறி வந்தார். எங்கள் வார்டில் மகனைப் பறிகொடுத்தவர். சண்டை போட வரவில்லை.

"ஒரு தடவ கூப்பிட்டீங்க. குளிச்சிட்டு இருந்தேன். திரும்ப அடிச்சா யாரு கூப்பிட்டதுன்னு தெரியலன்னுட்டாங்க. மறுபடி கூப்பிடுவீங்கன்னு மூணு மாசமா போனைக் கையிலயே வச்சிருக்கேன். கடைசியா அவன் என்னைக் கேட்டானான்னு மட்டும் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பையனைக் கடைசியாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் போன மாதம்தான் வேலையை விட்டிருந்தார். அவருடைய பழைய எண் உபயோகத்தில் இல்லை. அக்கா திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்.

இன்று கூட்டம். வழிகாட்டிக்கு இன்னும் மூன்று வருஷம் ஒப்புதல் தரவேண்டும்.

"நீங்க எழுதினதுதானே சிஸ்டர், அப்படியே போகட்டும்" என்றார் பெரிய டாக்டர். "ரெண்டு தடவ கூப்பிட ஆளுக்கு எங்க போறது?"

"அந்த வரிக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கேன் டாக்டர்." என்றார் அக்கா. "எனக்குப் போன் பிடிக்கலங்கிறத வச்சு ஊருக்கே சட்டம் போட்டுட்டேன். இன்னும் எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்களோ."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். அவர் வரச்சொல்லி வெளியே காத்திருந்த அந்தத் தாயைக் கைபிடித்து அழைத்துவந்து, தன் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.