காசிநாதன் போட்ட கையெழுத்து

காசிநாதன் மணலூர்பேட்டைப் பக்கம் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூலி உயர்வு கேட்டு இரண்டு முறை சிறைக்குப் போனதில் பெயர் பரவியது. எண்பதாம் ஆண்டில் கட்சி அவரைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியது.

கல்வராயன் மலையில் அவரை ஊர் ஊராக அழைத்துப்போய் ஓட்டுக் கேட்டவர் இருசப்பன். இருவருக்கும் ஒரே வயது. ரோடு இல்லாததால் நடந்தே சுற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இருசப்பனின் மனைவி ஆயம்மாள், பிரசவ வலியோடு டோலியில் தூக்கி வரும்போது பாதி வழியிலேயே இறந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் காசி. இந்த வழியா ஒரு ரோடு போட்டுக் குடு," என்றார் இருசப்பன்.

"ஜெயிச்சா மொத வேல அதான்."

ஜெயித்தார். மூன்று வருடம் அலைந்து ரோட்டுக்கு அனுமதியும் வாங்கினார். கடிதங்களைப் பார்த்துக்கொண்டவன் ராசு. காசிநாதன் தேடிப்பிடித்து வைத்துக்கொண்ட பட்டதாரி. தினமும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. தான் சென்னையில் இருக்கும்போது ஊர்க்காரர்களின் மனுக்கள் தேங்கக் கூடாதென்று, லெட்டர் பேடின் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவைப்பார்.

அளவெடுக்க வந்தவர்கள் வேறு பக்கம் கல் நட்டார்கள். கட்சிப் பெரும்புள்ளி ஒருவரின் காப்பித் தோட்டத்தோடு ரோடு நின்றுவிடும்; இருசப்பனின் ஊருக்குப் போகாது. சண்டைபோடப் போன காசிநாதன் முன்னால் அதிகாரி கோப்பைப் பிரித்து வைத்தார். பாதையை மாற்றச் சொல்லும் கடிதம். அடியில் அவர் கையெழுத்து.

"இன்னாடா ராசு இது?"

"மேலேர்ந்து கேட்டாங்கண்ணே. சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

அதைச் சொல்லும்போது அவன் தலைகுனியக்கூட இல்லை.

மறுநாள் காசிநாதன் தனியாக மலையேறினார். எதையும் மறைக்காமல் இருசப்பனிடம் சொன்னார்.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

இத்தனை வருடத்தில் இருசப்பன் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"என்னுதுதான். ஆனா..."

"அப்ப எறங்குங்க. இருட்டுறதுக்குள்ள போவணும்."

ராசு செய்ததைப் பற்றிக் காசிநாதன் கட்சித் தலைமைக்குப் புகார் எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த தேர்தலில் சீட்டு ராசுவுக்குப் போனது. காசிநாதன் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தார். இருசப்பனின் ஊர்ப் பெட்டியில் அவருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை.

ஜெயித்த ராசு முதலில் வந்தது காசிநாதனின் வீட்டுக்குத்தான். கையில் சால்வை, பின்னால் பத்துப் பேர். வாசலில் காசிநாதனின் மனைவி ரங்கம்மாள் நின்றிருந்தாள்.

"அண்ணன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கணும் அண்ணி."

"நாலு வருசம் துன்னியே, ஒரு நாளாவது அவராண்ட சொல்லணும்னு தோணலியாடா ஒனக்கு?"

ராசு கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சால்வையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினான். ரங்கம்மாள் அதை எடுத்து மண்ணில் வீசினாள்.