மூன்று வருஷத்துப் பள்ளிக்கூடம்

சின்னமேட்டுக்குப்பத்துக்குப் பணம் வரப்போகிறது என்று முதலில் சொன்னவர் ஊர்த் தலைவர் கங்காதரன். பழவேற்காட்டிலிருந்து படகில் திரும்பியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் கரையிலேயே நின்று விஷயத்தை உடைத்தார். பட்டணத்தில் ஒரு சேவை சங்கம் இருக்கிறதாம். வெளிதேசத்துக்காரர்கள் அதற்கு நிதி அனுப்புகிறார்களாம். ஏரியோரத்துக் குப்பங்களில் படிப்பும் தொழிலும் வளர வேண்டும் என்று மூன்று வருஷத்துக்குக் கொடுக்கப்போகிறார்களாம். அதில் நம்ம குப்பமும் இருக்கிறதாம்.

எழுபத்தேழாம் வருஷம் அது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல் திட்டு, அதன்மேல் ஓலைக் குடிசைகள். இதுதான் சின்னமேட்டுக்குப்பம். வெளியே போகப் படகு, உள்ளே வரப் படகு. நிதி என்றதும் ஆண்கள் நைலான் வலை என்றார்கள். சிலர் படகுக்கு எஞ்சின் என்றார்கள். இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கஸ்தூரியம்மாள் வந்தார். புடவையைக் கணுக்கால்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கியவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இது வலைக்கான பணம் இல்லீங்க. எஞ்சினுக்கும் இல்ல. இந்த ஊர்ல இருந்தே ஒரு பெண்ணை எங்களோட அனுப்புங்க. பட்டணத்துல எட்டு மாசம் பயிற்சி கொடுப்போம். திரும்பி வந்து சின்னப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தணும். சாயங்காலத்துல பெண்களுக்குப் பாடம் எடுக்கணும். கொட்டகை, சம்பளம், பிள்ளைங்க சாப்பாடு எல்லாம் மூணு வருஷத்துக்கு எங்க பொறுப்பு."

கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் யாரை அனுப்புவது என்று யோசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டுமே. தெரிந்த ஒன்றிரண்டு பேருக்கும் புருஷன் இருந்தான், இடுப்பில் பிள்ளை இருந்தது.

"இருசா போவட்டுமே" என்றது ஒரு குரல். "அஞ்சாங் கிளாஸ் படிச்சிக்கீது. புருசனா, புள்ளையா? கேக்கறதுக்கு ஆளு யாரு கீறாங்க?"

மீன் கூடையோடு கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள் இருசம்மாள். அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவளுடைய நைனா உயிரோடு இருந்த நாளில் பழவேற்காட்டுக்குப் படகு விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படகிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அப்படிப் படித்ததுதான் அந்த ஐந்து வகுப்பு. கட்டிய புருஷன் சடையன், காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். படித்தவள் என்பதற்காகப் பாதி, தேட ஆளில்லாதவள் என்பதற்காகப் பாதி என்று அவள் பெயர் முடிவாயிற்று.

தேட ஒருத்தி இருந்தாள், சாந்தி. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போய்த் தெருத் தெருவாக விற்றுவிட்டு வருகிற வேலையை இருவரும் ஜோடியாகவே பல வருஷம் செய்துவந்தார்கள். பஸ்ஸில் மீன்காரிகளைக் கடைசி சீட்டுக்குத் துரத்துகிற கண்டக்டரோடு சண்டை போடுவது சாந்தி. சிரித்துச் சமாதானம் செய்வது இருசம்மாள். ஒருத்தி மடியிலிருக்கும் வெற்றிலையை மற்றவள் கேட்காமலே எடுத்துக்கொள்வாள். இருசம்மாள் கிளம்பிய அன்று சாந்தி படகைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள்.

"எட்டு மாசம் நான் யாரோடடி வழி நடப்பேன்?"

"எட்டு மாசம் இன்னாடி எட்டு மாசம். கண்ண மூடித் தொறந்தா வந்துருவேன்" என்றாள் இருசம்மாள்.

சொன்னபடியே வந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை, காலில் செருப்பு, தோளில் பை. பழவேற்காட்டுக் கரையில் படகு ஏறும்போது, காலிக் கூடையோடு சாந்தி உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மனசு துள்ளியது.

"வாங்க டீச்சர்" என்றாள் சாந்தி.

இருசம்மாள் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். "இன்னாடி இது, வாங்க போங்கன்னுக்கினு?"

"ஊரே டீச்சரம்மானுதான் சொல்லிக்கினு கீது. நான் மட்டும் நீ வா போன்னா நல்லாவா கீது?" சாந்தி சிரிக்கவில்லை. மீன் தண்ணீர் வெள்ளைப் புடவையில் பட்டுவிடக்கூடாதென்று தன் கூடையைப் படகின் மறு ஓரத்துக்கு நகர்த்தினாள். தானும் அதோடு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். கரை சேரும்வரை இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது.

பள்ளிக்கூடம் நன்றாக நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சங்கத்துப் பணத்தில் சவுக்குக் கால் நட்டு, கீற்று வேய்ந்து கொட்டகை போட்டார்கள். அரைஞாண் கயிற்றோடு மணலில் புரண்டுகொண்டிருந்த பிள்ளைகள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்தன. படத்தில் மாம்பழத்தைக் காட்டி என்ன என்று கேட்டால் "பேத்தை மீனு" என்று கத்துவார்கள். பேத்தை மீன் ஊதினால் அப்படித்தான் இருக்கும் என்பதால் இருசம்மாளுக்கும் முதல் தடவை சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை பழவேற்காட்டுக்குப் போனபோது நிஜ மாம்பழம் வாங்கிவந்து, துண்டு போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். மதியம் கோதுமை ரவைக் கஞ்சி. வயிறு நிறைந்த பிள்ளைகள் அவள் மடியிலேயே தலைவைத்துத் தூங்கிவிடும்.

அவள் இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பொழுது சும்மா கிடக்கும்.

சாயங்காலப் பாடத்துக்கு முதல் வாரம் நிறையப் பெண்கள் வந்தார்கள். விடியுமுன் எழுந்து பொன்னேரிவரை கூடை சுமந்துவிட்டு வந்தவர்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் கரும்பலகையைப் பார்த்தபடியே தூங்கிவிழுந்தார்கள். அந்தத் தூக்கம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எழுப்ப மனம் வராது. "பஸ் போர்டு மட்டும் படிக்கக் கத்துக்குடுங்க டீச்சர், அது போதும்" என்று சொன்ன சாந்தி, அதைக் கற்றுக்கொண்டதும் நின்றுவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

இருட்டுகிற வேளையில் பெண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், வெற்றிலை மெல்லுவார்கள், யார் வீட்டு வண்டவாளத்தையாவது எடுத்துவைத்துச் சிரிப்பார்கள். இருசம்மாள் பக்கத்தில் போனால் சிரிப்பு அடங்கும். யாராவது ஒருத்தி ஓடிப்போய் உட்காரப் பலகை கொண்டுவருவாள். "வாணாண்டி, நான் மணல்லயே குந்திக்கிறேன்" என்றாலும் விடமாட்டார்கள். பலகையில் உட்கார்ந்தவளுக்கும் மணலில் உட்கார்ந்தவர்களுக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. "புள்ளைங்க நல்லாப் படிக்குதா டீச்சர்?" என்பார்கள். "படிக்குது" என்பாள். கொஞ்சநேரம் கழித்து எழுந்து வந்துவிடுவாள். நாலு எட்டு நடப்பதற்குள் பின்னால் சிரிப்பு மறுபடி கிளம்பும். தன்னைப் பற்றிச் சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப்போடுவாள்.

எண்பத்தொன்றில் நிதி முடிந்தது. கஸ்தூரியம்மாள் வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் வருத்தம் இருந்தது.

"மூணு வருஷம்னுதான் ஆரம்பத்துலயே பேச்சு, இருசம்மா. அரசாங்கம் எடுத்து நடத்தணும்னு கேட்டிருக்கோம். அதுவரைக்கும் ஊர்க்காரங்க பாத்துக்கணும்."

ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். படகுக்கு ஒரு கை மீன் டீச்சரம்மாவுக்கு என்று கங்காதரன் கட்டுப்பாடு போட்டார். மீன்பாடு நன்றாக இருந்தவரை அந்தப் பங்கு வந்தது. பிறகு கடலும் ஏரியும் ஒருசேரக் கைவிட்ட மாதம் ஒன்று வந்தது. தன் வீட்டு உலைக்கே மீன் இல்லாதவன் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தத் தலைக்குனிவை அவளால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் விடியலில் பழைய கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய் நின்றாள்.

சாந்தி ஓடிவந்து கூடையைப் பிடுங்கினாள். "இன்னா டீச்சர் இது, அசிங்கமா? நீங்க கூடை தூக்கினா எங்க புள்ளைங்க இன்னா நெனைக்கும்? போங்க வூட்டுக்கு. நாலு மீன் நான் குடுத்தனுப்பறேன்."

"எனக்கு நாலு மீன் வாணாம் சாந்தி. உன்கூட வரணும்" என்றாள் இருசம்மாள்.

சாந்தி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ஆனால் சாந்திக்கு இப்போது வேறு ஜோடி இருந்தது. ஜெயம்மா என்ற இளம்பெண். அவர்கள் இருவரும் முன்னால் வேகமாகப் போக, தலைச்சுமைப் பழக்கம் விட்டுப்போன இருசம்மாள் பின்தங்கினாள். முன்னால் போனவர்கள் அடிக்கடி நின்று காத்திருந்தார்கள். அந்த மரியாதை அவளுக்குக் கூடையைவிடக் கனத்தது. இரண்டாம் வாரத்திலிருந்து அவள் வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

மறு வருஷம் அரசாங்கம் ஊருக்கு ஊர் சத்துணவு மையம் திறந்தது. சின்னமேட்டுக்குப்பத்துக் கொட்டகையிலும் திறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தருகிற அமைப்பாளர் வேலைக்கு அவள் படித்த ஐந்து வகுப்பு போதவில்லை. பட்டணத்துப் பயிற்சி கணக்கில் வரவில்லை. "ஆயா வேலை வேணும்னா இருக்கும்மா" என்றார் வந்திருந்த அதிகாரி, தயங்கித் தயங்கி. அவள் யோசிக்காமல் சரி என்றாள். கங்காதரனுக்குக் கோபம். "டீச்சரா இருந்துட்டு அடுப்பு ஊதுவியா?" என்றார். "புள்ளைங்க பக்கத்துல இருப்பேன் இல்ல" என்றாள்.

அமைப்பாளராக வந்தவள் மனோரமா. திருப்பாலைவனத்துக்காரி. இருசம்மாளைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் செத்துப்போய், எட்டு வயது மகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, தினமும் பஸ்ஸிலும் படகிலும் வந்துபோனாள். தண்ணீர் என்றால் பயம். படகில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாள்.

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பிள்ளைகள் போனபிறகு இருசம்மாள் பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். மனோரமா ஓரமாகக் குந்தி அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு டீச்சர்?"

"ஒண்ணும் ஆவல. யாரும் எங்கூடப் பேசறதே இல்ல. நான் வந்தா எழுந்து நிக்கிறாங்க. நாள்பூரா டீச்சர் டீச்சர்னு கேட்டுக் கேட்டு என் பேரே மறந்துடும்போல இருக்கு."

இருசம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மனோரமா" என்றாள். "மனோரமா, கஞ்சி மிச்சம் கீது. வா, துன்னலாம்."

அன்று தொடங்கிய சிநேகம் அது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மனோரமா "அக்கா, அக்கா" என்று ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். மாலையில் அவளைப் படகேற்றிவிட இருசம்மாள் கரைவரை போவாள். படகு பாதித் தூரம் போனதும் மனோரமா கண்ணைத் திறந்து கையாட்டுவாள். இரண்டு வருஷம். இருசம்மாளுடைய வாழ்நாளில் சாயங்காலங்கள் சீக்கிரம் போன காலம் அதுதான்.

எண்பத்துநாலு நவம்பரில் புயல் அடித்தது. ஊரே பழவேற்காட்டுக்குப் போய் ஒதுங்கியது. திரும்பி வந்தபோது கொட்டகைக்குக் கூரை இல்லை, பாதிக் குடிசைகள் இல்லை. உயிர்ச்சேதம் இல்லாதது பெரிய காரியம். ஆனால் மனோரமாவின் தாயார் இனி அவளைத் தண்ணீர் தாண்ட விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். மாற்றல் கேட்டு எழுதினாள் மனோரமா. சில மாதங்களில் அவள் ஊரிலேயே கிடைத்துவிட்டது.

"திருவிழாவுக்குக் கண்டிப்பா வரணும் அக்கா. வரலன்னா பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருசம்மாள் போனாள். பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இறால் கருவாடு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனாள். மனோரமா வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். யார் இது என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"நான் முன்னாடி இருந்த சென்டர்ல ஆயா" என்றாள் மனோரமா. சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே ஓடினாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று இருசம்மாளே யோசித்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மனோரமா அன்று முழுக்கப் பந்தி பரிமாறுவதும் விருந்தாளிகளைக் கவனிப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தாள். இடையிடையே வந்து, "இருங்க அக்கா, இதோ வந்துட்டேன்" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தேர் நிலைக்கு வருமுன்னே இருசம்மாள் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் திருப்பாலைவனம் போகவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மனோரமாவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. வந்த ஒருத்தி படகைப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்தே திரும்பிவிட்டாள். மாதக்கணக்கில் இடம் காலியாகக் கிடந்தது. அரிசியும் பருப்பும் மட்டும் வந்துகொண்டிருந்தன. இருசம்மாள் காலையில் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புதுக் கூரையின் கீழே பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பாள். உலை கொதிக்கும்வரை பாட்டு. அரிசி வேகும்வரை எழுத்து. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊரில் பாதிப்பேருக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது என்றே தெரியாது. பிள்ளைகளின் சத்தம் வந்துகொண்டிருந்ததால் யாரும் விசாரிக்கவில்லை.

எண்பத்தாறு ஆடியில் புது அமைப்பாளர் வந்து சேர்ந்தாள். பொன்னேரிப் பக்கத்துப் பெண், சுறுசுறுப்பானவள். இருசம்மாள் அவளுக்குப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எது சாப்பிடாமல் ஒளித்துவைக்கும், எதற்கு அம்மா இல்லை என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அரிசி களைய வெளியே போனாள். உள்ளே புதுக் குரல் பாடத்தை ஆரம்பித்தது. பிள்ளைகள் கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டன.