ஒரே சங்கதியை மூன்று முறை வாசித்த தேவா மாமா

கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடி ஊசிக்குழல் சட்டியின் ஓரத்தில் மோதிக் கிணுகிணுக்கும்... அதே நேரத்தில் முன்னறையில் வயலினுக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்கும். எனக்கு அப்போது பதினான்கு வயது. காலை என்றால் இந்த இரண்டு சத்தமும்தான்.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது. என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில், மலாக்கா செட்டிகள் சேர்ந்து வாழும் கிராமமான கம்பத்தை ஒட்டி எங்கள் வாடகை வீடு. அந்தக் கம்பத்தில் இருந்த தேவா மாமா வீட்டுக்கு அம்மா என்னை வேலைக்கு அனுப்பினார். மாமாவின் அக்கா மீனாவுக்கு மிளகாய் அரைத்துக் கொடுப்பது, மாமாவின் ஊசியை வேகவைத்து எடுத்து வைப்பது... இவைதான் என் வேலை.

பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள் அவர்கள்; வீட்டில் பேசுவது மலாய். நடுவில் அக்கா, மாமா என்று தமிழ் எட்டிப் பார்க்கும். அவர்கள் சொன்னதை நான் இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

நான் வாயே திறக்க மாட்டேன். கேட்டால் தலையாட்டுவேன். "இந்தப் புள்ளைக்கு வாயைத் தச்சு அனுப்பிட்டாங்களா?" என்று மீனா அக்கா தினமும் கேலி செய்வார்.

மாமாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இருபது வயதிலிருந்தே இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. தினமும் இரண்டு வேளை தொடையில் தானே ஊசி போட்டுக்கொள்வார். போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். கல்யாண வீடானாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவர் வாழ்க்கை ஓடியது.

ஆனால் வயலினைத் தோளில் வைத்துவிட்டால்... அந்த மனிதர் வேறு.

டொண்டாங் சாயாங் என்ற மலாய்ப் பாட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு நான்கு வரியாகக் கட்டிப் பாடுவார்கள். ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள். ஒவ்வொரு நான்கு வரிக்கும் நடுவில் வயலின் பதில் சொல்லும். ஒரு முறை வாசித்த சங்கதியை மாமா அன்றைக்கு மறுபடி வாசித்து நான் கேட்டதே இல்லை. பாடுகிறவர்களுக்கு வார்த்தை தீர்ந்துபோகும், அவருக்குத் தீராது. அடுப்படியில் அம்மி முன்னால் உட்கார்ந்து நான் வாயைப் பிளந்து கேட்பேன்.

ஒருநாள் அவர் வயலின் பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த குலா மலாக்கா வெல்லத்துண்டைக் காட்டினார்.

"இங்க பாரு. எனக்கு வேர்த்து ஊத்தி, நான் ஒளறுனேன்னா, சீனி ஏறல, எறங்கிருச்சுன்னு அர்த்தம். ஒடனே இனிப்பு குடுக்கணும். யாரு தடுத்தாலும் குடு. அக்காகிட்ட சொல்லலாம்னா, நோவுன்னு ஆரம்பிச்சாலே அழுதுருது."

நான் தலையாட்டினேன்.

சுதந்திரம் கிடைத்த அந்த வாரத்தில் கம்பத்துக் கோயில் திடலில் பந்தல் போட்டுக் கச்சேரி வைத்தார்கள். ஐந்தரைக்குச் சாப்பாடு என்று பேச்சு. மாமா ஐந்து மணிக்கே ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் சிறப்பு விருந்தாளி வந்து சேரவில்லை. அவர் வராமல் பந்தியைத் திறப்பது மரியாதை இல்லையாம். "அதுவரைக்கும் வாசி, தேவா" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

ஆறே கால் இருக்கும். மாமா ஒரு சங்கதி வாசித்தார். அடுத்த நான்கு வரி முடிந்ததும் அதையே வாசித்தார்.

நான் எழுந்து நின்றேன்.

மூன்றாவது முறையும் அதே.

"என்ன தேவா, சரக்கு தீந்துபோச்சா?" என்று பாடகர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "தண்ணி போட்டுருக்கான் லா," என்றார் பின்னால் ஒருவர்.

ஓடிப்போய் மேடை ஓரத்தில் இருந்த வயலின் பெட்டியைத் திறந்தேன். வெல்லம் இல்லை!

விருந்தாளிக்காக ரோஸ் சிரப் தண்ணீரைக் கலந்து பெரிய அண்டாவில் துணி மூடி வைத்திருந்தார்கள். துணியை இழுத்துப் போட்டு ஒரு குவளை மொண்டுகொண்டு மேடை ஏறினேன். மீனா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாங்கான்! வேண்டாம்டி! சீனி அவனுக்கு வெஷம். கொல்லப் பாக்குறியா?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மாமா கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வில் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

"குடிக்கலன்னா செத்துருவாரு! அவரே சொன்னாரு! கைய விடுங்கக்கா!"

அது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மீனா அக்காவின் பிடி தளர்ந்தது. மாமாவின் பல் குவளையில் கடகடவென்று அடித்தது. பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. இன்னொரு குவளையும் கொடுத்தேன். பத்து நிமிடம் போனது.

பிறகு அவர் தன் சிவந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். "யாருய்யா இது... செவப்புத் தண்ணி ஊத்தி எனக்குச் சடங்கு சுத்திட்டீங்களா?"

கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. மீனா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நாந்தான் எடுத்தேன். காலையில பெட்டியில வெல்லத்தப் பாத்தேன். திருட்டுத்தனமா திங்கிறான்னு நெனச்சு கோழிக்குப் போட்டுட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விருந்தாளிக்குக் காத்திராமல் பந்தியைத் திறந்தார்கள். முதல் இலை மாமாவுக்கு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் மறுபடி வயலினை எடுத்தார். புதுச் சங்கதி... நான் அதுவரை கேட்டிராதது.

இப்போது எனக்கும் இனிப்பு நீர்தான். விரல் நுனியில் ஒரு குத்து. சின்ன மெஷின் எண்ணைக் காட்டிவிடும். மாமாவுக்கு அதெல்லாம் எங்கே இருந்தது? உடம்பு சொல்வதைக் கேட்டுத்தான் காலத்தை ஓட்டினார்.

போன வருடம் ஒருநாள் எனக்குச் சீனி திடீரென்று இறங்கிவிட்டது. பிஸ்கட் டின் மூடியைத் திறக்க முடியவில்லை. எதிரே நின்ற மகளின் பெயர் வரவில்லை. சீனி தூக்கலாகப் பால் கலந்து கொடுத்து அவள்தான் தேற்றினாள். தெளிந்து உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மேடையில் மாமா தடுமாறிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தன் பெயரே நினைவில் இல்லாத நிலையில் அவர் அந்தச் சங்கதியை மூன்று முறை வாசித்திருக்கிறார்... மூன்று முறையும் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.