அண்ணனுக்குத் திறக்காத கேட்

சோமனூரில் என் சித்தி குழந்தையம்மாள் ஒரு இட்லியை அரை மணி நேரம் தின்பாள். பாதி இரைப்பை இல்லை. பார்ப்பவர்கள் ‘பொழச்சுக்கிட்டாங்களே’ என்கிறார்கள். அதற்கு அவள் என்ன கொடுத்தாள் என்று கேட்பதில்லை.

கொரோனாவின் முதல் வருடம் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவையில் டாக்டர் இஃப்ரா ஒளிக்காமல் சொன்னார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வெளியாள் யாரையும் பாக்கக் கூடாதுங்கம்மா. கொரோனாவோட வந்து படுத்தா, கட்டிய நான் எடுத்துருவேன், உசுர நுரையீரல் எடுத்துரும்.”

எங்கள் பக்கம் ஆபரேஷனுக்குப் போகும் பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து திருநீறு பூசி அனுப்புவார்கள். வந்தவரை வாசலில் நிறுத்துகிற வழக்கமும் இல்லை. சித்தி கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சித்தப்பா அங்கப்பனிடம் கொடுக்கவில்லை, மரியாதைக்காகவே திறந்துவிடுவார்.

நான் அப்போது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சித்தப்பாதான் சொன்னார். துடியலூரிலிருந்து சித்தியின் அண்ணன் தம்பிதுரை குலதெய்வத்துத் திருநீற்றோடு வந்தார்.

“ஏனுங் மாப்ள, கேட்டு துருப்புடிச்சுப் போச்சுங்களா?”

“சாவி அவகிட்டங்க மச்சான்.”

சித்தி ஜன்னலுக்கு வந்தாள். “அண்ணா, திண்ணூர மதில்மேல வெச்சுட்டுப் போங்க. பொழச்சு வந்து கால்ல உழுகறேன்.”

“நெத்தீல பூசக் கூடாதா அம்மணி? நானென்ன பிச்சைக்கா வந்தேன்?”

“உள்ள வராதீங்கண்ணா.”

தெருவே பார்த்தது. அவர் திருநீற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே அவருக்குக் கொரோனா. சித்திக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. கொரோனா நோயாளிகளை அண்டவிடாத தனிக் கட்டடத்தில் அறுவை நடந்தது; ஒரு இருமல்கூட இல்லாமல் வீடு திரும்பினாள். அவள் பயந்தது சரியாகிப்போனதைத்தான் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. தவறாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார். அவள் போன் செய்தால் எடுப்பதை நிறுத்தினார்.

இந்தத் தையில் சித்தியின் மகள் நந்திதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் சடங்கு நகராது. சித்தியை ஸ்கூட்டரில் துடியலூருக்கு அழைத்துப் போனேன். வெற்றிலைத் தட்டோடு அவள் கேட்டருகே நின்றாள். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழவில்லை.

“அங்கயே நில்லு அம்மணி. கிட்ட வந்தா ஏதாச்சும் ஒட்டிக்கும்.”

“புள்ளைக்குக் கல்யாணமுங்ணா.”

“தட்ட மதில்மேல வெச்சுட்டுப் போ.”

கேட்டில் தாழ்கூடப் போட்டிருக்கவில்லை. சித்தி அதைத் தள்ளவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை; மாமன் சீரைச் சித்தியின் பெரியப்பா மகன் தனபால் செய்தான். பந்தியில் சித்தி இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்புடுங்க,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “இதப் பாக்கத்தான பொழச்சு வந்தீங்க.”