கல்முனையில் பனி பூச்சியம்

என் கணவர் ஜவுபர் உறைபனியை ஒருநாளும் கண்டதில்லை. மீன் லொறியில் வரும் ஐஸ்தான் அவர் தொட்ட மிகக் குளிர்ந்த பொருள். ஆனாலும் உலகத்தில் எங்கெங்கே எவ்வளவு பனி விழுந்தது என்று காட்டும் ஓர் இணையத்தளத்தை அவர்தான் பராமரித்தார். போன மாதம் அவரை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோன பகலில், கல்முனை வீதியின் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது என்று என் தம்பி வந்து சொன்னான். கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கணவனை இழந்து இத்தா இருக்கிற பெண் சிரிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. என்றாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டில் அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றஸாக் நானாவின் கொமினிகேஷனில் வேலை செய்துகொண்டிருந்தார். சவூதியிலும் குவைத்திலும் இருக்கிற பிள்ளைகளோடு கதைக்க வருகிறவர்களுக்கு நாலு மரக்கூண்டுகள், நாலு தொலைபேசிகள். மூலையில் கல்யாணக் கார்டு அடிக்கும் கொம்பியூட்டர் ஒன்று. மழையை அளந்து பதிந்து வைக்க ஏதும் வழி இருக்கிறதா என்று சவளக்கடை வயல்காரர்கள் றஸாக் நானாவைக் கேட்டார்கள். நானா ஜவுபரைக் கேட்டார். ஜவுபர் கொழும்புக்கு லைன் எடுத்து, இணையத்தில் தேடி, வானத்திலிருந்து விழுவதைப் பதியும் மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். விழுவது மழையல்ல, பனி என்பது அதை இறக்கப் போனபோதுதான் தெரிந்தது. இறக்கவும் முடியவில்லை. இணைப்பு அறுந்து கிடந்தது.

வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இவர் தளத்தின் அடியில் கிடந்த முகவரிக்கு, உங்கள் இணைப்பு வேலை செய்யவில்லை என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். வடதுருவத்துக்குக் கிட்ட எங்கேயோ இருக்கிற ஹென்ரிக் என்பவரிடமிருந்து பதில் வந்தது. மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். நன்றி சொல்லிவிட்டு, தளத்தைக் கவனிக்க ஆளில்லை, நீங்களே திருத்திவிடுங்களேன் என்று கடவுச்சொல்லையும் அனுப்பியிருந்தார்.

"ஆளத் தெரியா, ஊரத் தெரியா, சாவியத் தந்திட்டான்," என்றார் றஸாக் நானா. "ஒண்டில் நல்லவன், இல்லாட்டிப் பைத்தியம்."

அது திறந்தமூல மென்பொருள். நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. ஒருவரையொருவர் கண்டிராத கொஞ்சப் பேர் ஏழெட்டு நாடுகளில் இருந்துகொண்டு சம்பளமில்லாமல் அதை எழுதினார்கள். தங்களைத் தொண்டர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

தொண்டர் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. நானே தொண்டர் ஆசிரியைதான். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு பாடசாலையில் சம்பளமின்றி விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்டர் என்பவர் சில வருடம் சும்மா வேலை செய்வார். சேவைக் கடிதம் எடுப்பார். மனுக் கொடுப்பார். கல்விக் கந்தோர் வாசலில் சத்தியாக்கிரகம் இருப்பார். கடைசியில் ஒருநாள் நிரந்தர நியமனம் வரும். கல்முனையில் நடப்பதுதான் வடதுருவத்திலும் நடக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் தொண்டர் ஆசிரியர் சங்கத்தின் மனுக்களை அடிக்கக் கொமினிகேஷனுக்குப் போய்வந்ததில்தான் ஜவுபர் எனக்குப் பழக்கம்.

"இடையில விட்டுறாதீங்க," என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். "சேவை முறிஞ்சிரும்."

அவர் விடவில்லை. லைன் காசு ஏறும் என்பதால் பக்கங்களையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார். கொழும்பு லைன் கிடைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றுவார். பாதியில் கரண்ட் போகும். கரண்ட் திரும்ப வரும்வரை உலகத்துக்கு அரைத் தளம்தான்.

அந்தக் காலத்தில்தான் றஸாக் நானா எங்கள் வீட்டுக்கு ஜவுபருக்காகப் பெண் கேட்டு வந்தார். என் வாப்பா அபுல் ஹஸன் போடியார். சவளக்கடையில் வயலும், எதையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கமும் உள்ளவர்.

"கொமினிகேஷன்ல கிடைக்கிறது தேத்தண்ணிக்குத்தான் காணும். வேற என்ன உத்தியோகம்?"

"வெளிநாட்டு இணையத்தளம் ஒண்டப் பாக்கிறார், காக்கா."

"சம்பளம்?"

"இப்போதைக்குத் தொண்டர்தான்."

வாப்பா திரும்பிக் கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்கு ஒரு தொண்டர் போதும் றஸாக். ரெண்டு தொண்டர் சேந்தா உலையில என்னத்தப் போடுற? சேவைக் கடிதத்தயா? நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. நிரந்தர நியமனத்தோட வரச் சொல்லுங்க."

ஜவுபர் ஹென்ரிக்குக்கு எழுதினார். ஒரு வருடச் சேவை முடிந்துவிட்டது, நிரந்தரமாக்குவது எப்போது என்று கேட்டார். ஹென்ரிக் குழம்பிப்போய்ப் பதில் போட்டிருந்தார். இங்கே ஒருவரும் நிரந்தரமில்லை. தளமே நிரந்தரமில்லை. அதற்கு இலவசமாக இடம் கொடுத்திருப்பவர்கள், பாவிப்பவர்கள் குறைவென்று வருட முடிவில் இடத்தைத் திருப்பி எடுக்கப் போகிறார்கள்.

"நியமனம் கிடக்கட்டும், முனவ்வறா," என்றார் ஜவுபர். "கந்தோரே போகப் போகுது."

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வேறு இரண்டு சம்பந்தங்கள் வந்து முற்றத்தில் நின்றன. தளம் போனால் ஜவுபர் போனார் என்று எனக்கு விளங்கியது. பாவிக்கிறவர்களைக் கூட்ட வேண்டும். தேடற்பொறிகளிலெல்லாம் தளத்தைப் பதிந்தார். முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் கல்முனையில் எந்த வியாபாரத்துக்கும் செய்கிறதைச் செய்தார். பாண்டிருப்புக் குணத்தின் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவைப் பிடித்தார்.

ஜவுபர் எழுதிக் கொடுத்தது ஒரு முழுப்பக்கம். பனியின் ஆழத்தைப் பதியும் மென்பொருள், தொண்டர்களால் உருவாக்கப்பட்டது, இன்ன இன்ன வசதிகள். குணம் அதை வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தம்பி, ஓடுற ஓட்டோவில இருந்து சொன்னா சனத்துக்குத் தலையும் வாலும்தான் கேக்கும். நடுவில கிடக்கிறத நான் பாத்துக்கொள்றன்."

பாண்டிருப்பிலிருந்து காரைதீவுவரை குணம் சொல்லிக்கொண்டு போனது இவ்வளவுதான்: "வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்திருக்கிறது! பெற்றுக்கொள்ள வாருங்கள், றஸாக் கொமினிகேஷன்!"

அடுத்த நாள் கடை திறக்க வந்த றஸாக் நானா, வரிசையின் வால் எங்கே என்று தேடிக்கொண்டு சந்தைவரை நடந்தார். எல்லார் கையிலும் குடும்ப அட்டை. சிலர் உரப்பையும் கொண்டுவந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்தால் அது நிவாரணம். அந்த வருடங்களில் எங்களுக்கு வேறு எதுவும் அப்படி வந்ததில்லை.

வரிசையின் தலைப்பில் நின்றவர் எங்கள் பின்வளவுச் சுபைறா மாமி.

"ஆளுக்கு எத்தின கிலோ தம்பி?"

"இது சாமான் இல்ல மாமி. பனி பதியிற மென்பொருள்."

"பனியெண்டா?"

"குளிர் நாடுகளில வானத்தால ஐஸ் மாதிரிக் கொட்டும்."

"எல்லாருக்கும் கொட்டுமா?"

"அங்க எல்லாருக்கும்."

"எங்களுக்கு?"

"எங்களுக்கு இல்ல மாமி."

சுபைறா மாமி வரிசையின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாகா? அங்க எல்லாருக்கும் குடுத்திரிக்கி. எங்கட பகுதிக்கு மட்டும் ஒரு துண்டும் இல்லயாம்."

வரிசை கொதித்தது. ஜவுபர் கையை உயர்த்தினார். "மாமி, இது மனிசன் பங்கு வைக்கிற இல்ல. அல்லாஹ் அனுப்புற."

"அல்லாஹ் அனுப்பித்தான் இரிப்பான் தம்பி. கொழும்பில மறிச்சிருப்பாங்க."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப கிடைக்கல்ல எண்டு பதியுங்க!" என்று சத்தம் வைத்தார். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நட்டத்தை முதலில் பதிந்துவிட வேண்டும், பதியாதவர்களுக்குப் பிறகு ஒன்றும் வராது என்பது புயலிலும் வெள்ளத்திலும் ஊர் படித்த பாடம். ஜவுபர் கொஞ்சம் யோசித்தார். மென்பொருள் கேட்பது இடம், திகதி, பனியின் ஆழம், மூன்றும்தான். கல்முனையில் பனி விழவில்லை என்பது உண்மை. உண்மையான ஒன்றைப் பதிய மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகப் பதியத் தொடங்கினார். பனி, பூச்சியம்.

"ஒருநாள் பதிஞ்சாப் போதாது," என்றும் சொல்லிவைத்தார். "ஒவ்வொரு நாளும் சொல்லணும்."

சொன்னார்கள். ஒருநாள் தவறினால் பெயர் வெட்டுப்படும் என்ற பயம். சந்தைக்குப் போகிற பெண்கள் கடை வாசலில் நின்று, "இண்டைக்கும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செய்தி கேட்டுச் சேர்ந்துகொண்ட தம்பிலுவில் பக்கத்து அறிக்கைகளைப் பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே கத்துவார்: "தம்பிலுவில் இல்ல! திருக்கோவில் இல்ல! காரைதீவு இல்ல!" அந்தப் பழக்கம் விட்டு எவ்வளவோ காலம். போன வாரம் சுபைறா மாமி ஜவுபரின் மவுத்து விசாரிக்க வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்பும்போது "இன்னும் விழல்ல புள்ள" என்றார். வேறு யார் சொன்ன ஆறுதலும் எனக்கு அவ்வளவு உதவவில்லை.

ஒரேயொரு நாள் மீன் லொறியொன்று சந்தியில் குடை சாய்ந்து வீதியெல்லாம் ஐஸ் கொட்டியது. றஸாக் நானா அடிமட்டத்தோடு ஓடிப்போய் அளந்து வந்தார்.

"ரெண்டு அங்குலம்! எழுதுங்க ஜவுபர்!"

"வானத்தால விழல்ல, நானா."

"லொறியும் ஒசரத்தில இருந்துதான் விழுந்த!"

ஜவுபர் பூச்சியம்தான் போட்டார். நானா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு தளம் விழுந்தது. ஹென்ரிக் பதறிப்போய் எழுதினார். இத்தனை பூச்சியங்கள் எங்கிருந்து வருகின்றன, ஏதோ பிழை நடந்திருக்கிறது என்றார். பிழை இல்லை, எல்லாவற்றையும் நானே விசாரித்தேன் என்று ஜவுபர் பதில் போட்டார். பிழை அவர்களுடையதுதான். அந்தத் தொண்டர்கள் பனி விழுந்த நாளில் மட்டும் அளந்தார்கள். விழாத நாளை ஒருவரும் பதிந்ததே இல்லை. அப்படியும் ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று அவர்களின் நிரல் நினைத்துப் பார்க்கவில்லை. பனி விழுந்த நாட்களின் கணக்கால் வகுத்துச் சராசரி எடுக்கப் போய், பூச்சியத்தால் வகுத்துப் படுத்துவிட்டது.

அவர்கள் நிரலைத் திருத்தினார்கள். திரும்ப எழும்பிய தளத்தின் உலக வரைபடத்தில், வடக்கே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகள். எங்கள் கரையில் மட்டும் எறும்பு மொய்த்ததுபோல ஒரே கறுப்பு. இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் தளத்துக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஹென்ரிக்கின் நாட்டுப் பல்கலைக்கழகமொன்று பார்த்துச் சிரித்துவிட்டு, தளத்துக்கு இனி நாங்கள் இடம் தருகிறோம், நிரந்தரமாக என்றது.

தளம் நிரந்தரமானால் பார்க்கிறவரும் நிரந்தரம்தானே என்று ஜவுபர் கேட்டு எழுதினார். வாப்பா மின்னஞ்சலை ஏற்க மாட்டார், முத்திரை வேண்டும் என்றும் எழுதினார். இரண்டு மாதத்தில் தபால் வந்தது. ஏழெட்டு நாட்டுத் தொண்டர்களும் கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழகம் முத்திரை குத்திய நியமனக் கடிதம். வாப்பா என்னையே வாசிக்கச் சொன்னார்.

"நிரந்தரமா?"

"ஓம் வாப்பா. ஒருத்தராலயும் நீக்க ஏலாதாம்."

"நிரந்தரம்தான?"

"ஓம்."

"சம்பளம்?"

பொய் சொல்ல நாக்கு எழும்பியது. சொல்லவில்லை. "இல்ல வாப்பா. ஒருநாளும் இல்லயாம். எழுதியிரிக்கி."

வாப்பா கடிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். "நேர்மையான ஆக்கள். உனக்கு இத்தின வருசமா இல்லாத சம்பளத்த, இல்ல எண்டு ஒருத்தன் எழுதித் தந்தானா?" என்றார். பிறகு, "யோசிப்பம்" என்று கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

யோசித்து முடியுமுன் எனக்கு நியமனம் வந்துவிட்டது. நிரந்தரம், சம்பளத்தோடு. பாடசாலை திருகோணமலை மாவட்டத்தில், பஸ் இறங்கியும் நடக்க வேண்டிய ஒரு கிராமத்தில். வீட்டில் சந்தோசமும் ஒப்பாரியும் ஒன்றாக நடந்தன. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கென்று வாப்பா கட்டிய வீடு சீமெந்து காயாமல் நிற்கிறது, பெண்ணோ ஊரை விட்டுப் போகிறாள். தனியாக அனுப்ப முடியாது. வந்திருந்த மற்ற இரண்டு சம்பந்தங்களில் ஒருவர் கிளாக்கர், மற்றவர் கடைக்காரர். கந்தோரையும் கடையையும் விட்டுவிட்டு வர அவர்களால் முடியாது.

வாப்பா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஜவுபர்ட கந்தோர் எங்க இரிக்கி?"

"ஒரு இடத்திலயும் இல்ல வாப்பா."

"அப்ப இடமாற்றம்?"

"மாத்த ஒரு இடம் வேணுமே."

"ஒரு இடத்திலயும் இல்லதான?"

"இல்ல வாப்பா."

"இப்பிடி உத்தியோகமும் உலகத்தில இரிக்கி," என்று வாப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். "றஸாக்க வரச் சொல்லு."

நிக்காஹ் நாளில் நான் அறைக்குள் இருந்தேன். திரைக்கு வெளியே விவாகப் பதிவுகாரர் லெப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

"மாப்பிளட தொழில்?"

றஸாக் நானா இருமுவது கேட்டது. கடைசியில் வாப்பாவின் குரல்:

"பனி உத்தியோகத்தர். நிரந்தரம்."

"என்னது போடியார்?"

"பனி. எழுதுங்க."

"எங்க பனி?"

"அங்க விழுந்தத அவங்க பாக்கிறாங்க, இங்க விழாதத இவர் பாக்கிறார். எழுதுங்க லெப்பை, சாப்பாடு ஆறுது."

"சம்பளம்?"

"ஒங்கட புத்தகத்தில அத எழுத இடம் இரிக்கா?"

பதிவுகாரர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இல்ல."

"அப்ப விடுங்க," என்றார் வாப்பா.

ஜவுபர் கையெழுத்து வைத்தார்.