இரண்டில் குறைந்தது

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் ஏரிக் காவலராக இருந்தார். திருட்டு மீன் பிடிப்பவர்களை விரட்டுவது, துப்பாக்கியோடு வருபவர்களைப் பிடித்துக் கொடுப்பது, வருஷத்துக்கு ஒருமுறை பறவைகளை எண்ணி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஊரில் அவருக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். கழுத்து நீளம் என்பதால் வைத்தார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆளுக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்.

கரைமேல் இரண்டு அறையோடு ஒரு அரசாங்க வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அந்த ஜன்னல் வழியாகத்தான் எனக்கு வருஷமே ஓடியது. கோடையில் ஏரி வற்றும். மிச்சமிருக்கும் மீனுக்காகச் சேற்றில் மடையானும் கொக்கும் அடித்துக்கொள்ளும். ஆள்காட்டிக் குருவி நடைபாதையிலேயே கல்லோடு கல்லாக முட்டை போட்டு வைக்கும். அது பொரிக்கும்வரை கடைக்குப் போக நான் அரை மைல் சுற்ற வேண்டும், இவர் உத்தரவு. மழை பிடித்தால் கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டும். அந்த நாற்றத்தில் துணி காயப்போட முடியாது. இவையெல்லாம் உள்ளூர் ஆட்கள். இவருக்கு அவற்றின்மேல் பாசம் உண்டு, பரபரப்பு கிடையாது.

குளிர் தொடங்கும்போது ஒரு காலையில் வாசலில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து நிற்கும். அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

“ஏம்மா, வந்தாச்சு! இங்க வா!”

“யாரு, உங்க சம்பந்தியா?”

“சிரி, சிரி. பின்னாலயே வாத்துக் கூட்டமும் வந்துரும் பாரு.”

வரும். எங்கெங்கோ மலைகளைத் தாண்டி ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். என் பிரசவத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டவர், அந்த வாரம் முழுக்கச் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார்.

ஜனவரியில் அலுவலகம் குறித்துக் கொடுக்கும் ஒரு காலையில் கணக்கெடுப்பு. முதல் வருஷம் இவர் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு அப்போதைய அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டாராம், “ஏம்ப்பா, வாத்து ஏரியில நீந்துதா, இல்ல உன் பேனாவுல குஞ்சு பொரிக்குதா?” அறை முழுக்கச் சிரித்ததாம். பறந்து இடம் மாறிய ஒரு கூட்டத்தை இவர் இரண்டு தடவை எண்ணியிருந்தார், தப்புதான். அதிகாரி அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். கேள்வி மட்டும் இவர் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அதிலிருந்து தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். விடிந்ததும் கிழக்குக் கரையிலிருந்து ஒரு தடவை எண்ணுவார். பிறகு மேற்குக் கரைக்குப் போய் இன்னொரு தடவை. இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுதுவார்.

“கூடச் சொன்னா பொய்யிம்பான். குறைச்சுச் சொன்னா எவனும் கேக்கமாட்டான்” என்பார். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று நான் கிண்டல் செய்வேன். அப்போது அது கிண்டலாக இருந்தது.

பிறகு புறவழிச்சாலை வந்தது. ஏரியில் பாதியையும் எங்கள் வீட்டையும் மண் போட்டு மூடித்தான் அது போக வேண்டுமாம். குறுக்கே நின்றது ஒரே ஒரு விதி. குளிர்காலத்தில் வெளியிலிருந்து வரும் பறவைகள் இரண்டாயிரத்துக்குக் குறையாத ஏரியைத் தொடக்கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து குறைந்தால் தொடலாம். முதல் இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் எண்ணிக்கை விழுந்துவிட்டது. மூன்றாவது வருஷம் ஏரி தளும்பியது. எல்லாம் அந்த ஒரு காலைக் கணக்கில் தொங்கியது.

பறவைகளுக்காக நான் உருகினேன் என்று கதை விடமாட்டேன். எனக்கு என் ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அதிகாரி ஜீப்பிலேயே வந்துவிட்டார், சின்ன வயது, நல்ல மாதிரி. இவர் இரண்டு கரையும் நடந்து முடித்து வந்து, படிவத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். நோட்டை நான் எட்டிப் பார்த்தேன். கிழக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. மேற்கில் இரண்டாயிரத்து நாற்பத்தாறு. எனக்கு உயிர் வந்தது.

“மேற்குக் கணக்கை எழுதுங்க” என்றேன்.

“வழக்கம்னு ஒண்ணு இருக்கு.”

“உங்க வழக்கத்தைத் தூக்கி உடைப்புல போடுங்க. அதுவும் உங்க கண்ணால எண்ணினதுதானே?”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அண்ணே, அக்கா சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பாத்து எழுதுங்க.”

அதிகாரி நாற்காலியில் இருப்பவர் அதற்குமேல் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முகம் கெஞ்சியது.

“பாத்துதான் சார் எழுதுறேன்” என்று சொல்லி இவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வாத்து குறைச்சல். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

ஆறு மாதத்தில் லாரிகள் மண்ணோடு வந்தன. வீட்டைக் காலி செய்யும்போது டப்பாக்களுக்கு அடியில் விரிக்க, மிஞ்சிக் கிடந்த படிவங்களை எடுத்தேன். ஒன்றைத் திருப்பிப் போட்டால், பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணியிருந்தால், அதிகமான எண்ணிக்கையைக் குறிப்பிடவும்.’

முப்பது வருஷமாக இந்த மனுஷன் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். தெரிந்தால் உடைந்துபோவார். மடித்து என் பெட்டிக்குள் வைத்து, வாயையும் மூடிக்கொண்டேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும், உடனே பாவமாகவும் இருக்கும். ஒரு வருஷம் அப்படி ஓடியது.

இப்போது நகரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இவருக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் புறாக்கள் உட்காரும். போன வாரம் முன்னறை ஜன்னலில் நின்று எண்ணிவிட்டு, சமையலறைக்கு வந்து என் தோளுக்குமேல் எட்டி மறுபடி எண்ணினார்.

“அங்கேருந்து நாப்பத்தொண்ணு, இங்கேருந்து முப்பத்தாறு. முப்பத்தாறுன்னு வெச்சுக்கலாம்.”

கையிலிருந்த கரண்டியைப் போட்டேன். பெட்டியைத் திறந்து, படிவத்தை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பின்பக்கத்தைக் காட்டினேன்.

“படிங்க. இப்பவாவது படிங்க.”

அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அதுல போட்டிருக்கறது. பத்து வருஷமாத் தெரியும்.”

“அப்ப அன்னிக்கு, ஜீப்ல வெச்சு எழுதினப்பவும்?”

“தெரியும்.” புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னை எவனும் பொய்யன்னு சொல்லிரக் கூடாதுல்ல.”

யார் சொல்வார்கள்? பேனாவில் குஞ்சு பொரிக்கிறதா என்று கேட்ட அந்த அதிகாரி செத்து எட்டு வருஷம் ஆகிறது. சாவுக்கு இவரே போய்விட்டு வந்தார். செத்தவனுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு ஏரியைக் கொடுத்திருக்கிறார், என் ஜன்னலையும் சேர்த்து.

ஒரு வருஷம் அவர்மேல் பட்ட பரிதாபத்தைத் திருப்பிக் கேட்க முடிந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். சமையலறை ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். இனிமேல் அவர் ஒரு பக்கத்திலிருந்து எண்ணினால் போதும்.